பெண்ணையாற்றில் காணாமற்போன பூச்சிகள்

பெங்களூரிலிருந்து ஓசூருக்கு இருபத்தைந்து மைல்தான். இதை வெளிநாட்டுப் பயணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் நான் சொல்வது ஐம்பதுகளின் நடுப்பகுதி. வழியில் மைசூர் ராஜ்யம் முடிந்து சென்னை ராஜ்யம் தொடங்கும். எல்லையில் சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கட்டை. கட்டைக்கு இந்தப் பக்கம் குடிக்கலாம், அந்தப் பக்கம் குடித்தால் ஜெயில். பாஸ்போர்ட் கேட்கவில்லையே தவிர, மற்றபடி எனக்கு அது அயல்நாடுதான்.

நான் அப்போது பெங்களூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தற்காலிக வேலை. வயது இருபத்தொன்பது. பிறந்தது திருவையாற்றுப் பக்கம். ஆற்றங்கரையில் பிறந்தவளுக்கு ஆராய்ச்சிக்கும் ஓர் ஆறு கிடைத்தது, ஆனால் அது காவேரி இல்லை, தென்பெண்ணை. நந்தி மலையில் பிறந்து, ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரிக்குப் பாறைகளில் முட்டி மோதிக்கொண்டு வரும் ஆறு. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் அதற்கு அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அணை வருவதற்கு முன்னால் ஆற்றில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்று யாராவது எழுதி வைக்க வேண்டும் அல்லவா? அந்த யாராவது நான்தான்.

என்னென்ன உயிர்கள் என்றால் மீனும் தவளையும் இல்லை. ஒரு குவளை ஆற்றுத் தண்ணீரை வெயிலில் தூக்கிப் பிடித்து உற்றுப் பாருங்கள். தூசு போல ஏதோ துள்ளும். அது தூசு இல்லை, பிராணி. நீந்திக் கரை சேர முடியாமல், தண்ணீர் போகிற போக்கில் மிதந்து போகும் சிற்றுயிர்கள். பிளாங்க்டன் என்று பெயர். அதில் பயிர் வகையும் உண்டு, பிராணி வகையும் உண்டு. பிராணிகள்தாம் என் பங்கு. சித்திரை வெயிலில் ஆறு சுருங்கிக் குட்டை குட்டையாக நிற்கும்போது அவை பெருகும், குளிர்காலத்தில் அளவாக இருக்கும், வெள்ளத்தில் குறையும். இதை மாதா மாதம் எண்ணி எழுதுவதுதான் என் வேலை. தை முதல் ஆனி வரை நானே நேரில் போய்ப் பிடித்தேன். ஆடியிலிருந்து கல்லூரி விடுப்புக் கொடுக்கவில்லை. ஆகவே பரிசல் துறையில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த திம்மக்காவிடம் வலையையும் பாட்டில்களையும் ஒப்படைத்து, பிடித்து அனுப்பச் சொன்னேன்.

ஆடிப் பாட்டில் வந்தது. மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். அடியில் செம்மண், வேறு ஒன்றுமில்லை. ஆவணியும் அப்படியே. புரட்டாசியும் அப்படியே. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெள்ளத்தில் குறையும் என்றுதான் எல்லாரும் எழுதியிருந்தார்கள். என் ஆற்றிலோ அடியோடு மறைந்துவிட்டன! அந்த 'அடியோடு' என்ற வார்த்தையைக் கட்டுரையில் நான்கு இடத்தில் போட்டேன். இன்னும் நான்கு நாளில் சென்னையில் ஒரு பெரிய கூட்டத்தில் அதைப் படிக்க வேண்டும். படித்து நல்ல பெயர் வாங்கினால் வேலை நிரந்தரம் என்று துறைத் தலைவி சொல்லியிருந்தார். கூடவே ஒன்றும் கேட்டார், "அந்த மூன்று மாதமும் நீ நேரில் போகவில்லையே?"

அதனால்தான் இந்தப் பயணம். ஐப்பசி வெள்ளத்தில் என் கண்ணெதிரே ஒரு பாட்டில் பிடித்து, உள்ளே ஒன்றுமில்லை என்று கூட்டத்தில் தூக்கிக் காட்ட வேண்டும். ஒன்றுமில்லாத பாட்டிலுக்காக இவ்வளவு தூரம் போன ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன்.

முதல் நாள் எல்லைக் கட்டையில் பஸ்ஸை நிறுத்தினார்கள். மதுவிலக்குச் சோதனை. கான்ஸ்டபிள் ஒருவர் உள்ளே ஏறி, வாழைத்தாரிலிருந்து வெற்றிலைப் பெட்டி வரை முகர்ந்துகொண்டே வந்தார். என் தகரப் பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது. காலிப் பாட்டில் நான்கு, நிறைந்த புட்டி ஒன்று. வேறென்ன வேண்டும்?

"என்னாம்மா இது?"

"மருந்து."

"எல்லாரும் மருந்துன்னுதான் சொல்றாங்க" என்று புட்டியின் மூடியைத் திருகி, மூக்கை உள்ளேயே விட்டுவிட்டார். அது ஃபார்மலின். பிடித்த பிராணிகள் அழுகாமல் இருக்கச் சேர்ப்பது. வேண்டாம் வேண்டாம் என்று நான் கத்துவதற்குள் காரியம் முடிந்துவிட்டது. தொப்பி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். பஸ்ஸே சிரித்தது. பாவம், கோபித்துக்கொள்ளவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இதைக் குடிச்சா போதை வராதும்மா, பொணம்தான் வரும். எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார். இறங்கும்போது சந்தேகம் தீராமல் திரும்பி, "எதுக்கும்மா இது?" என்று கேட்டார்.

"பூச்சி கெடாமல் இருக்க."

"பூச்சி கெட்டா என்னாம்மா நஷ்டம்?"

அந்தக் கேள்விக்கு இன்றும் நல்ல பதில் கிடைத்தபாடில்லை.

ஓசூரில் சாப்பிட உட்கார்ந்த ஹோட்டலில் பரிமாறுகிறவர் ஒரு மேஜைக்குக் கன்னடம், ஒரு மேஜைக்குத் தெலுங்கு, எனக்குத் தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டு பறந்தார். சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் சாம்பாரில் வெல்லம் போட்டால் சம்பந்தமே முறிந்துபோகும். ஆனால் பசிக்கு அது நன்றாகவே இருந்தது, இரண்டு தடவை கேட்டு ஊற்றிக்கொண்டேன். இதை என் அம்மாவிடம் நான் சொன்னதில்லை.

பக்கத்து மேஜையில் தேன்கனிக்கோட்டைக்காரர் ஒருவர் இன்னொருவரிடம் கன்னடத்தில் புலம்பிக்கொண்டிருந்தார். எனக்குப் புரிந்தவரை விஷயம் இது: "யானை வந்து என் ராகியை மேய்ந்துவிட்டது. இங்கே மனுக் கொடுத்தால் அது மைசூர் யானை என்கிறார்கள். அங்கே போய்க் கேட்டால், மேய்ந்தது சென்னை ராஜ்யத்து ராகிதானே என்கிறார்கள்." கேட்டுக்கொண்டிருந்தவர் நிதானமாகக் காப்பியை உறிஞ்சிவிட்டு, "யானையையே கேளும், எந்த ஊர் என்று" என்றார்.

இரண்டாம் நாள் கிருஷ்ணகிரி பஸ். சூளகிரி தாண்டுவதற்குள் இன்ஜின் சூடேறிப் புகையத் தொடங்கியது. டிரைவர் இறங்கி முன்மூடியைத் தூக்கி, அதைப் பார்த்தபடி ஒரு பீடி பற்ற வைத்தார். பழக்கப்பட்ட காரியம் போலிருந்தது. பயணிகளும் கேட்காமலே இறங்கி, ஆளுக்கொரு செம்பு, தூக்குச்சட்டி என்று எடுத்துக்கொண்டு சாலையோரக் குட்டைக்கு நடந்தார்கள். நானும் என் காலிப் பாட்டிலோடு போனேன்.

மொண்ட தண்ணீரை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகத் துள்ளியது. என் பிராணிகள்தாம். குட்டை முழுக்க இருக்கின்றன, ஆற்றில் மட்டும் அடியோடு இல்லை! எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

திரும்பி வந்தால், பஸ்ஸின் முன்னால் ஒரு வேடிக்கை. ஓர் அம்மாள் ரேடியேட்டரின் வாயில் தன் முந்தானையை நாலாக மடித்துப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள். கொண்டுவந்தவர்கள் எல்லாரும் அதன் மேல்தான் தண்ணீரை ஊற்றினார்கள். என் முறை வந்ததும் கேட்டேன், "இன்ஜினுக்குக்கூடவா வடிகட்ட வேண்டும்?"

"கையி சும்மா இருக்க மாட்டேங்குதும்மா" என்றாள் அவள். "வடிகட்டாம ஊத்தினா மனசுக்கு ஆவல. எங்க பக்கம் நரம்புச் சிலந்தி சாஸ்தி."

நரம்புச் சிலந்தி என்பது தண்ணீரோடு உள்ளே போய், ஒரு வருஷம் கழித்துக் கால் வழியாக நூல் போல வெளியே வரும் ஒரு புழு. அதைச் சுமந்துகொண்டு திரிவது சைக்ளாப்ஸ். என்னுடைய பிராணிகளிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது, ஒற்றைக் கண்ணோடு படம் போட அழகாக இருக்கும். வகுப்பில் இதை ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவேன். அந்த அம்மாளின் முந்தானையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவள் ஒரு உதறு உதறினாள், அவ்வளவுதான், எல்லாம் சாலைப் புழுதியில் போயிற்று. விலங்கியல்காரியாக எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அதற்கு மேல் யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

கிருஷ்ணகிரியில் இறங்கி ஜட்கா பிடித்து ஆற்றுக்குப் போய்ச் சேர மதியம் சாய்ந்துவிட்டது. ஆறு செக்கச் செவேல் என்று கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. சித்திரையில் நான் செருப்பு நனையாமல் தாண்டிய இடத்தில் இப்போது வெங்கட்டப்பன் பரிசலைச் சுழல விட்டு ஆட்களைக் கடத்திக்கொண்டிருந்தார். அவர் திம்மக்காவின் கணவர். இரண்டு பேரும் வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ்.

"வாங்கம்மா, வாங்க! பூச்சிக்காரம்மா வந்துட்டாங்க" என்று திம்மக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இடது காலைச் சற்றே இழுத்து நடப்பாள். "எளைச்சிட்டீங்களே. நான் அனுப்பின பாட்டில் எல்லாம் நல்லா இருந்துச்சுங்களா?"

"ரொம்ப நன்றாக இருந்தது. அதை வைத்துத்தான் சென்னையில் பெரிய பெரியவர்கள் முன்னால் பேசப்போகிறேன்."

அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! கடையில் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் அதைத் திரும்பச் சொன்னாள். அன்று எனக்குக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும் கிடைத்தது. களியை மெல்லக்கூடாது, உருட்டிக் குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். சோற்றைப் பிசைந்து பழகிய தஞ்சாவூர்த் தொண்டைக்கு அது ஒரு பரீட்சை. பத்து மாதப் பழக்கத்தில் நான் பாஸ் செய்திருந்தேன், ஆனால் முதல் வகுப்பு இல்லை. கடைசியில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். வெள்ளம் இப்படிச் சிவந்து ஓடும்போது இவ்வளவு தெளிவான தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். மணலில் ஊற்றுத் தோண்டி எடுத்து, தெளிய வைத்து, துணியில் வடிகட்டியது என்றாள். நன்றி சொல்லிக் குடித்தேன். இங்கேயும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஆற்றங்கரைப் பாறைக்கு இறங்கினோம். வலையை எடுத்தேன். கூம்பு வடிவத்தில் நெருக்கமான பட்டுத் துணி, நுனியில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. ஐம்பது வாளி ஊற்றினால் தண்ணீர் எல்லாம் துணி வழியாக வெளியே போய்விடும், உயிர்கள் மட்டும் குப்பியில் சேரும். நான் எப்போதும் பரிசலிலோ நடந்தோ நடு ஆற்றுக்குப் போய்த்தான் இதைச் செய்வேன், திம்மக்கா கிட்ட இருந்து பார்த்ததில்லை.

"நீங்க நில்லுங்கம்மா. மூணு மாசமா பழகின கையி, நான் பண்றேன், பாருங்க" என்று திம்மக்கா வலையை வாங்கிக்கொண்டாள். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. துறைத் தலைவி கேட்டால், அதே கை, அதே முறை, என் கண்ணெதிரே என்று சொல்லலாமே.

அவள் ஒரு பெரிய பித்தளை அண்டாவைப் பாறையில் வைத்தாள். துலக்கித் துலக்கிப் பளபளவென்று இருந்தது. அதன் மேல் வலையைக் கட்டினாள். வாளி வாளியாக ஊற்றினாள், அண்டா நிறைய நிறைய ஆற்றிலேயே கவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினாள். ஐம்பது எண்ணினாள், ஒன்றுகூடக் குறைக்கவில்லை. பிறகு வலை நுனியிலிருந்த குப்பியைக் கழற்றி, ஆற்றில் கவிழ்த்து, விரலை விட்டுக் கழுவினாள். வலையை உள்வெளியாகத் திருப்பி, ஓடுகிற தண்ணீரில் மூன்று தடவை பளார் பளார் என்று உதறினாள். கடைசியாக அண்டாவிலிருந்த தண்ணீரை மொண்டு என் பாட்டிலில் ஊற்றி, மருந்து சேர்த்து, மூடியை இறுக்கி நீட்டினாள்.

நான் கையை நீட்டவில்லை.

"திம்மக்கா, அந்தக் குப்பியில் இருந்தது..."

"அழுக்கும்மா! எவ்வளவு சேந்துக்குது தெரியுங்களா? புழு மாதிரி என்னென்னவோ நெளியுது. ஒண்ணு விடாம உதறிட்டேன்."

பாறையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆனி மாதம், ஜட்காக்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தபோது, வாயால் மட்டும் நான் சொல்லிவிட்டுப் போனது அப்படியே நினைவுக்கு வந்தது: ஐம்பது வாளி வடிகட்டுங்கள், பாட்டிலில் பிடியுங்கள், மருந்து விடுங்கள். எதைப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. வடிகட்டினால் எதை வைத்துக்கொள்வார்கள், எதைக் கொட்டுவார்கள் என்று உலகத்தில் யாருக்காவது சொல்ல வேண்டுமா? டீ வடிகட்டுகிற யாராவது தூளைக் குடிக்கக் கொடுப்பார்களா?

"என்னாச்சும்மா?"

"எனக்கு வேண்டியது அதுதான், திம்மக்கா."

"எது?"

"நீங்கள் உதறினது."

பரிசலிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த வெங்கட்டப்பன் துடுப்பைப் போட்டுவிட்டுச் சிரித்தார். "ஏமே! மூணு மாசமா பூச்சிக்காரம்மாவுக்குப் பூச்சியை எடுத்துப்புட்டு வெறுந்தண்ணியையா அனுப்பின?"

திம்மக்கா சிரிக்கவில்லை. "நான் என்னாத்தைம்மா கண்டேன்? அணை கட்டறாங்க, தண்ணி எங்கெங்கயோ போவப்போவுது, அதான் நம்ம ஆத்துத் தண்ணி எப்பிடின்னு பெரியவங்க பாக்கறாங்கன்னு நெனச்சேன். அவங்க கையில அழுக்குத் தண்ணியையா குடுக்கறது? நம்ம ஆத்துக்குக் கெட்ட பேரு வந்துடுமே."

வலையை வாங்கிப் பத்து வாளி ஊற்றினேன். குப்பியில் சேர்ந்ததில் ஒரு சொட்டை, கையோடு கொண்டுவந்திருந்த சின்ன மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். இருந்தன. சித்திரை போல இல்லை, சொற்பம்தான், செம்மண்ணுக்கு நடுவே தடுமாறிக்கொண்டு. ஆனாலும் உயிரோடு இருந்தன. என் 'அடியோடு' அடியோடு போயிற்று.

திம்மக்காவையும் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொள்ளத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள். சைக்ளாப்ஸ் ஒன்று வாலைச் சுண்டிச் சுண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"அழகா இருக்குதேம்மா. என்னா இது?"

நரம்புச் சிலந்தியைச் சுமப்பது இதுதான் என்று சொன்னேன். சட்டென்று பின்வாங்கினாள். பிறகு புடவையைச் சற்று விலக்கி இடது கணுக்காலைக் காட்டினாள். சுருங்கிப்போன பழைய தழும்பு, ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று. "மத்தூருப் பக்கம் எங்க ஊரு. படிக்கெணத்துத் தண்ணி. எட்டு மாசம் படுத்துக் கெடந்தேன், ஒரு குச்சியில சுத்திச் சுத்திக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்தாங்க. அன்னைலேருந்து வடிகட்டாத தண்ணியை நான் யாருக்கும் குடுத்ததில்ல. இதைப் போயி யாரும்மா பத்திரமா பாட்டில்ல போட்டு வெப்பாங்க?"

வகுப்பில் ஒரு வரியில் நான் சொல்லி முடிக்கிற விஷயம் இது. வெட்கமாக இருந்தது.

மழை பிடித்துக்கொண்டது. கடைக்கு ஓடி வந்தோம். அவள் பிடித்த பாட்டில் என் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அடியில் செம்மண், மேலே தெளிந்த தண்ணீர், உள்ளே ஒன்றுமில்லை. நான் என்ன கேட்டு வந்தேனோ, அதே பாட்டில். இதைச் சென்னையில் தூக்கிக் காட்டினால் கை தட்டுவார்கள். வேலை நிரந்தரமாகும். யாருக்குத் தெரியப்போகிறது? ஆற்றில் போய் எண்ணிப் பார்க்க அந்தக் கூட்டத்தில் எவருக்கும் உத்தேசம் இல்லை. உண்மையைச் சொன்னாலோ, கட்டுரையில் பாதி போய்விடும், கூடவே வேலையும். மத்தியானம் முழுக்க இதையே புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுத்துக்கொண்டுதான் போவது என்று ஒரு மாதிரித் தீர்மானித்தும்விட்டேன். இதை மறைக்க விரும்பவில்லை.

களி இறங்கவில்லை. திம்மக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னால உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிருமாம்மா?"

"ஒன்றும் ஆகாது" என்றேன். பொய் சொல்லத் தொடங்கினால் அது எவ்வளவு சுலபமாக வருகிறது!

நான்காம் நாள் நான் எழுந்தபோது மழை விட்டு வெளுத்திருந்தது. திம்மக்கா முழங்கால் வரை நனைந்து ஆற்றிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கையில் வலை. குப்பியை உள்ளங்கையில் பொத்திப் பிடித்திருந்தாள்.

"அம்பது வாளி ஊத்திட்டேன்மா. தண்ணியைப் பூரா விட்டுட்டேன், இதுங்களை மட்டும் வெச்சிருக்கேன். ஒண்ணு விடாம சேத்துட்டேன், பாத்துக்குங்க." குப்பியைக் கொடுக்கும்போது முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அவற்றைக் கண்டாலே ஆகவில்லை. இருந்தும் பிடித்திருந்தாள்.

அதை ஒரு பாட்டிலுக்கு மாற்றி மருந்து விட்டேன். நேற்றைய பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் ஆற்றங்கரையில் குழி தோண்டிக் கவிழ்த்தேன். யோசிக்க அப்புறம் ஒன்றும் மிச்சம் இல்லை.

புறப்படும்போது இன்னொரு பாட்டிலை நீட்டினாள். காலிப் பாட்டில்களில் ஒன்றைக் கொதிநீரில் கழுவி, குடிதண்ணீர் நிரப்பி, கழுத்தில் ஒரு சிவப்புக் கந்தல் கட்டியிருந்தாள். "அது உங்க பூச்சிக்கு, இது உங்களுக்கு. ரயில் போற வழியில கண்ட தண்ணியைக் குடிச்சு வெக்காதீங்க. மாத்திக் குடிச்சிடாதீங்க, செவப்புத் துணி கட்டினதுதான் நல்ல தண்ணி."

மத்தூர் வழியாகச் சாமல்பட்டிக்கு பஸ். மத்தூரில் அன்று சந்தை. ஒரு ஆள் இரண்டு கட்டுக் கோழிகளோடு ஏறி, என் மடியை இருக்கை என்றே நினைத்துவிட்டார். கோழிகளைவிட அவர் சத்தம்தான் அதிகம். "அம்மா, பாட்டில்ல என்னா?" என்றார். "பூச்சி" என்றேன். மரியாதையாக எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார். சாமல்பட்டி ஸ்டேஷனில் ரயில் வருவதற்கு நெடுநேரம் இருந்தது. வேப்பமர நிழலில் உட்கார்ந்து கட்டுரையை எடுத்தேன். நான்கு 'அடியோடு'வையும் அடித்தேன். அட்டவணையில் ஆடி, ஆவணி, புரட்டாசிக் கட்டங்களை வெறுமையாக விட்டேன். எட்டுப் பக்கம் நாலு பக்கமாயிற்று. கொஞ்சம் அழுதேன். ஸ்டேஷன் மாஸ்டர் எனக்கு யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

பின்னால் நடந்ததை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் வேலை நிரந்தரமாகவில்லை. அது இன்னொருவருக்குப் போயிற்று. அடுத்த ஆடியில், சம்பளமில்லாத விடுப்பில், நான் பரிசல் துறைக்கே போய்த் தங்கி மூன்று மாதமும் எண்ணினேன். வெள்ளத்தில் குறைந்தன, மறையவில்லை. எல்லாரும் எழுதியிருந்தது சரிதான். புதிதாக நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இனிச் சென்னைக் கூட்டம். நீண்ட மண்டபம், முன் வரிசையில் கோட்டுப் போட்ட பெரியவர்கள். என் முறை வந்ததும் இரண்டு பாட்டில்களையும் மேஜையில் வைத்துவிட்டுப் படித்தேன். ஆனி முடிந்ததும் நிறுத்தினேன். அடுத்த மூன்று கட்டம் ஏன் காலி என்று உள்ளது உள்ளபடி சொன்னேன். வடிகட்டச் சொன்னேன், எதை வைத்துக்கொள்வது என்று சொல்லவில்லை, அந்த அம்மாள் உலகத்தில் எல்லாரும் செய்வதைச் செய்தாள், தப்பு என்னுடையது. கடைசி வரிசையில் தொடங்கிய சிரிப்பு முன் வரிசை வரை வந்தது. கூட்டத் தலைவர் மட்டும் சிரிக்காமல், "அப்படியானால் மூன்று மாதமாக உங்களுக்கு வந்து சேர்ந்தது என்ன?" என்று கேட்டார்.

 பதிலுக்குச் சிவப்புத் துணி கட்டிய பாட்டிலைத் திறந்து மளமளவென்று குடித்தேன். முன் வரிசையில் ஒருவர் "ஐயோ, ஃபார்மலின்!" என்று எழுந்தே விட்டார். நான் பாதிப் பாட்டிலைக் காலி செய்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்ல தண்ணீர்" என்றேன்.

மூன்று மாதமாக அவள் எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அதைத்தான்.